இரண்டாவது அம்பு

“பாய், இந்த அம்புக்குறியை ராவி எடுத்துட முடியுமா?” என்று கேட்டுக்கொண்டேதான் சேகர் என் கடைக்குள் வந்தார். கையில் ரோஸ்வுட் கைப்பிடி போட்ட இரும்பு இழைப்புளி. கூட வந்த அவருடைய அப்பா ஸ்டூலில் உட்கார்ந்தார்.

பழைய இழைப்புளிகளின் மார்க்கைப் படித்து, இன்ன கம்பெனி, இன்ன காலம், இன்ன விலை என்று சேகரிப்பாளர்களுக்குச் சொல்வது புனேயில் என் தொழில். தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. வாய்க்கொழுப்பும் இருந்தது.

சேகர் அரசாங்க அதிகாரி. அப்பா ராணுவ டிப்போவில் தச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பாணேரில் புது ஃபிளாட்டுக்குக் குடிபோனபோது இந்த இழைப்புளி மகன் கண்ணில் பட்டிருக்கிறது. பக்கவாட்டில் வெள்ளைக்காரன் காலத்து அரசாங்க முத்திரையான அம்பு. கழித்த சாமான்களை ஏலம் விட்டபோது வாங்கினேன், ரசீது தொலைந்துவிட்டது என்றாராம் அப்பா. மகன் நம்பாமல், டிப்போவில் திருடியதுதானே என்று கேட்டுவிட்டார். ஒரு மாதமாக இருவருக்கும் பேச்சில்லை.

அம்பைப் பார்த்ததும் நான் சிரித்தேன். “சர்க்கார் மாலு. எல்லாரோட வாப்பாவும் ஏலத்துலதான் எடுத்தாங்க.”

பெரியவர் எழுந்து போய், எதிர்ப்பக்க டீக்கடை பெஞ்சில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

மார்க்கை ராவினால் பாதி விலை போய்விடும் என்று சொல்லிப் பார்த்தேன். சேகர் கேட்கவில்லை. சரி, எவ்வளவு ஆழம் என்று பார்ப்போம் என மண்ணெண்ணெய்த் துணியால் துருவைத் துடைத்தேன். அம்பின் முனைக்கு நேரே இன்னொரு முனை தெரிந்தது. மேலும் தேய்த்தேன். முதல் அம்பை முட்டிக்கொண்டு முழுசாக இரண்டாவது அம்பு.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஒற்றை அம்பு இருந்தால் அரசாங்கச் சொத்து. முனையோடு முனை முட்டும் இரண்டு அம்புகள் இருந்தால், அரசாங்கமே அதைக் கழித்து விற்றுவிட்டது என்று பொருள். இது எனக்கு நன்றாகத் தெரியும். துருவுக்கு அடியில் தேடத்தான் தோன்றவில்லை. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் முதலில் துடையுங்கள், பிறகு பேசுங்கள்.

சேகர் இரண்டு அம்புகளையும் விரலால் தடவினார். “அப்பாகிட்ட நீங்களே சொல்லிடறீங்களா, பாய்?”

“நான் பேசுனதுக்கு நான் மன்னிப்பு கேட்டுக்கிடுதேன். நீங்க பேசுனதுக்கு நீங்கதான் கேக்கணும்.”

ரோட்டைக் கடந்து போனோம். நான் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பெரியவர் தலையசைத்தார். சேகர் பக்கத்தில் உட்கார்ந்து “அப்பா” என்றார். இழைப்புளியை நீட்டினார். கண் கலங்கிவிட்டது.

பெரியவர் இழைப்புளியை வாங்கி, கட்டைவிரலால் அதன் உளியின் கூர் பார்த்தார்.

“பாத்ரூம் கதவு ஒரசுது. உன் பொண்டாட்டி தினம் உதைச்சுத்தான் தொறக்கறா. சாணை பிடிச்சுக் கொண்டா, இழைச்சுத் தரேன்.”

சாணை பிடித்தால் சேகரிப்பாளர் தரும் விலை குறையும் என்று எடுத்துச் சொல்வது என் வேலை. அன்று சொல்லவில்லை.