சாப்பாட்டு மேசையில் ஒரு படகு மோட்டார்

பல்லுக்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்த வாரம் முழுக்க ஒரு படகு மோட்டார் உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்திருந்தது என்று சொல்வதுகூடத் தப்பு. படகின் பின்பலகையில் மாட்டுகிற மோட்டாருக்கு உட்காரவும் தெரியாது, நிற்கவும் தெரியாது. எதையாவது கவ்விக்கொண்டு தொங்கத்தான் தெரியும். சுவரில் சாய்த்தார்கள், சரிந்தது. தரையில் படுக்கவைத்தார்கள், எண்ணெய் கக்கியது. கடைசியில் மேசை விளிம்பில் அதன் இரண்டு திருகுகளையும் இறுக்கி மாட்டிய பிறகுதான் அடங்கியது. தலை மேசைக்கு மேலே, விசிறி தரைக்கு ஒரு சாண் மேலே. வீட்டுக்காரர் வழக்கமாக உட்காரும் இடம் அதற்குப் போய்விட்டது.

பல்லுக்காரர் டாக்டர் இல்லை. டாக்டர்கள் பிடுங்கிய இடத்தில் வைக்கப் பல்செட் செய்துகொடுப்பவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. அலமாரி நிறைய யார் யாருடைய வாயோ வெள்ளை மாவில் அச்சாக இளித்துக்கொண்டிருக்கும். தெருவில் பாதிப் பேர் சிரிக்கிற சிரிப்பு தன் கைவேலை என்று மனுஷனுக்கு உள்ளூரக் கர்வம். "நான் செஞ்ச பல்லு, ஆளு விழுந்தாலும் அது விழாது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

அந்த வசனம்தான் வீட்டில் வினையை இழுத்துவந்தது. அவர் மனைவிக்கு ஒரே தம்பி, படகு வைத்து மீன் பிடிக்கிறவன். ஒருமுறை கயிறு அறுந்து வாயில் அடித்ததில் முன்பல் நாலும் போயின. அக்காள் புருஷன்தான் செய்து மாட்டிவிட்டார். அசல் என்று ஊரே சத்தியம் செய்யும் வேலை. எல்லாம் நேராக இருந்தால் பொய்ப்பல் என்று தெரிந்துவிடும் என்று இடப்பக்கத்துப் பல்லை மட்டும் மயிரிழை கோணலாக வைத்திருந்தார். சில மாதம் கழித்துத் தம்பிக்காரன் வாயைப் பொத்திக்கொண்டு வந்து நின்றான். மோட்டார் கயிற்றை இழுக்கும்போது பல் கழன்று கடலில் விழுந்துவிட்டது, வேறு செய்துகொடுங்கள் அத்தான் என்றான். செய்துகொடுத்துத் தொலைத்திருந்தால் கதை அன்றோடு முடிந்திருக்கும். சொந்தபந்தம் நிறைந்திருந்த கூடத்தில் இவர் தன் வசனத்தை எடுத்துவிட்டார். "நீ எங்கயாவது கழட்டி வெச்சுட்டு மறந்திருப்ப. பழிய என் பல்லு மேல போடாத" என்று ஒரு கொசுறும் சேர்த்தார்.

அதோடு பேச்சுவார்த்தை அறுந்தது. தம்பி அக்காள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. வேறு ஆளிடம் போய்ப் பல்லும் கட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவு வீம்பு. நாலைந்து வருடமாக அந்த ஓட்டையைக் காட்டிச் சிரித்துக்கொண்டே சந்தையில் மீன் விற்றான். "உங்க அத்தானே பல்லு கட்றவராச்சே?" என்று யாராவது கேட்டால், "அதனாலதான்" என்பான். தன் விரோதிக்கு இப்படி ஒரு விளம்பரப் பலகையை வாயிலேயே மாட்டிக்கொண்டு திரிந்தவன் அவன் ஒருவன்தான். நடுவில் கிடந்து தவித்தது அக்காள்காரி. அப்பா அம்மா போன பிறகு பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சமிருந்தது அந்த ஓட்டைவாயன் ஒருவன்தான்.

அப்படிப்பட்டவனுடைய மோட்டாரை ஐஸ் வண்டி டிரைவர் ஒருநாள் வீட்டு வாசலில் இறக்கினார்.

"படகுக்காரர் குடுத்துவிட்டாரு. பெயின்ட் அடிக்கணுமாம். அதே கலர்லயே இருக்கணுமாம். ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்குவாராம்."

"யார்கிட்ட சொல்லச் சொன்னான்?" என்றார் பல்லுக்காரர்.

"அக்காகிட்ட. பக்கத்துல யாராவது நின்னா அவங்க காதுலயும் விழட்டும்னாரு."

"ஏன், ஊர்ல பெயின்ட்டருக்குப் பஞ்சமா?"

டிரைவர் தலையைச் சொறிந்தார். "வழவழன்னு வரணும்னா அந்த ஆளு கைதான்னு சொன்னாரு. ஆனா இத மட்டும் சொல்லிடாதன்னாரு."

அக்காள்காரி உப்பும் துருவுமாக இருந்த அந்த இரும்பைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். "அவனா எறங்கி வர்றான். இதுல ஏதாவது கோளாறு பண்ணீங்க, நான் இந்த மோட்டாரோடயே கெளம்பிப் போயிருவேன்."

மோட்டாருக்கு நடந்த உபசாரம் இருக்கிறதே, கட்டிய புருஷனுக்குக்கூட அந்த வீட்டில் நடந்ததில்லை. வெயில் படுகிறது என்று ஜன்னலை மூடினாள். தூசி படுகிறது என்று நல்ல போர்வையாக எடுத்துப் போர்த்தினாள். சாப்பிடும்போது புருஷனிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் மோட்டாரிடம் சொன்னாள். "ஒரு மனுஷருக்கு மட்டும் வாய் அடங்கியிருந்தா இத்தனை வருஷம் எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்ட்டிருக்கலாம். இல்லையா தம்பி?" மோட்டார் மறுத்துப் பேசவில்லை, பல்லுக்காரரும் தட்டைப் பார்த்துக் குனிந்து சாப்பிட்டார்.

வேலையில் இறங்கியதும் அவருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. அவருக்குப் பல் வேலைதான் தெரியும், ஆகவே மோட்டாரையும் ஒரு பெரிய பல்லாக நினைத்துக்கொண்டார். உப்புத்தாள் போகாத இடுக்குகளில் கடுகளவு முனை வைத்த மிஷினை விட்டுத் துருவைச் சுரண்டினார். பெயின்ட் புகக் கூடாத ஓட்டைகளைப் பட்டறையில் இருந்த ரோஸ் மெழுகை உருக்கி அடைத்தார். கறுத்துக் கிடந்த ஸ்பார்க் பிளக் கண்ணில் பட்டது. கறை கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது, அதையும் கழற்றிப் பல் துலக்குவதுபோலத் துலக்கி மாட்டினார். டாங்கில் பெட்ரோல் மிச்சம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கவில்லை. பல்லுக்கு டாங்க் ஏது? டாங்க் மூடியையும் மெழுகால் அடைத்துவிட்டார். பல்செட் அளவு கொடுக்க வந்த பெரியவர் ஒருவர், வாய் நிறைய மெழுகைக் கடித்துக்கொண்டு மேசையில் தொங்கிய மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெழுகைத் துப்பிவிட்டு, "இது எந்தப் பல்லுக்குப்பா?" என்றார். நாளைக்கு வருகிறேன் என்று போனவர் திரும்பி வரவே இல்லை.

நிறத்தில்தான் அடுத்த சிக்கல். அதே கலர் என்று சொல்லிவிட்டான், எது அதே கலர்? மேலே நீலம், சுரண்டினால் பச்சை, அதற்கும் கீழே சாம்பல். எல்லாவற்றுக்கும் அடியில், பெயர்ப்பலகை ஒட்டியிருந்த இடத்தில், கம்பெனியில் அடித்த அசல் பெயின்ட் காசளவு தப்பிப் பிழைத்திருந்தது. பல்லுக்காரர் தன் மாதிரிப் பற்களை எடுத்து ஒவ்வொன்றாக அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். டீ அதிகம் குடிக்கிறவர்களுக்கு வைக்கிற மங்கல் மஞ்சள் பல் அச்சாகப் பொருந்தியது. பல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பெயின்ட் கடைக்குப் போனார்.

"இந்தக் கலர்ல வேணும்."

கடைக்காரர் பல்லை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "யாரோட பல்லு இது?"

"பல்லு இல்லைங்க. மோட்டார்."

கடைக்காரர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் கலந்து கொடுத்தார்.

கடைசிப் பூச்சுக்கு முன்னால் உள்பக்கத்தையும் துடைத்துவிடலாம் என்று மோட்டார் தலையின் மூடியைக் கழற்றினார் பல்லுக்காரர். அந்த மோட்டார் மூடியோடு கிளம்பிய வரலாறே கிடையாது. எப்போதும் மூடியைத் திறந்து வைத்து, மேல்சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி, குனிந்து இழுப்பான் படகுக்காரன். சக்கரத்துக்குக் கீழே, டாங்க் ஓரத்தில், வருடக்கணக்கான கிரீஸ் களியாகக் கிடந்தது. ஸ்பூனால் வழித்தார். களிக்குள் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. மண்ணெண்ணெயில் முக்கித் தேய்த்தார். நாலு பல் அவரைப் பார்த்துச் சிரித்தன. இடப்பக்கத்துப் பல் மயிரிழை கோணல்.

துள்ளிக் குதித்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார். "கடல்ல விழுந்துச்சுன்னு சொன்னானே! பார்த்தியா, பார்த்தியா! கடல்ல இல்ல, அவன் மோட்டாருக்குள்ளயே இருந்திருக்கு! எத்தன பேர் முன்னாடி பொய் சொன்னான்!"

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு பல்லை வாங்கிப் பார்த்தாள். "அவன் வாயில இருந்தது மோட்டாருக்குள்ள எப்படி வந்துச்சு?"

"குனிஞ்சு கயிறு இழுத்திருப்பான், அப்போ..." அவர் நிறுத்திக்கொண்டார்.

"அப்போ?"

அவர் பல்லைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

"விழுந்தது நெஜம்தானே?" என்றாள். "ஞாயித்துக்கிழமை அவன் வர்றான். நீங்க ஜெயிக்கணுமா, அவன் இங்க உக்காந்து ஒரு வாய் சாப்ட்டுப் போகணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

அவர் இரண்டும் சொல்லாமல் முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பக்கத்துப் பல்லைப் பிடிக்க வேண்டிய கம்பிக் கொக்கி ஒரு நூல் அகலமாக வாயைப் பிளந்துகொண்டிருந்தது. விழுந்து அடிபட்டதால் அகன்றிருக்கலாம் என்று முதலில் தனக்குத்தானே ஒரு வக்கீல் வைத்துப் பார்த்தார். கம்பியில் அடிபட்ட தடயமே இல்லை. அவர் வளைத்தபடியேதான் இருந்தது. தன் கண்ணுக்குப் பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

பிறகு அலமாரியின் கடைசித் தட்டில், பின்வரிசையில், துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு அச்சை எடுத்தார். மைத்துனனுடைய வாய். மற்றவர்களுடையதை எல்லாம் வருடம் ஆனால் உடைத்துப் போடுகிறவர், இதை மட்டும் தூசி தட்டித் தட்டி வைத்திருந்தார், ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பல்லை அச்சில் மாட்டி, கொக்கியை இறுக்கினார். இத்தனை வருடத்தில் ஈறு சுருங்கியிருக்குமே? அதற்கும் கணக்கு வைத்திருந்தார். சந்தைக்குப் போகும்போதெல்லாம் குடையைச் சாய்த்துக்கொண்டு அவன் சிரிப்பதை நின்று பார்த்தவர் ஆயிற்றே, ஓட்டை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பது மனப்பாடம். அடியில் புதிதாக ஒரு பூச்சுக் கொடுத்து, மெருகேற்றி, யாரிடமும் சொல்லாமல் மோட்டாருக்குள் அது கிடந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்து மூடினார்.

ஞாயிற்றுக்கிழமை படகுக்காரன் வந்தான். வாசல்படிக்கு வெளியேயே நின்றுகொண்டான். அக்காள் போய்க் கையைப் பிடித்து இழுத்துவந்தாள். மோட்டார் பற்களின் நிறத்தில் பளபளத்தது. அவன் அதைச் சுற்றி வந்தான், விரலால் தடவினான், அத்தான் நின்ற பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

"அக்கா, வேலை பரவால்லன்னு சொல்லு."

"உன் தம்பிய மூடியத் தொறந்து பாக்கச் சொல்லு" என்றார் பல்லுக்காரர். குரல் அவருக்கே கேட்கவில்லை. "உள்ளயும் வேலை பண்ணியிருக்கேன்."

அவன் திறந்தான். எப்போதும் திறந்தே இருக்கிற அவன் வாய் மெல்ல மூடிக்கொண்டது. பல்லை எடுத்தான், கோணல் பல்லைக் கட்டைவிரலால் தொட்டான். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். டக் என்று ஒரு சத்தம் கேட்டது.

திரும்பினான். இடுப்பிலிருந்து கயிற்றை எடுத்தான், சக்கரத்தில் சுற்றினான், மேசைக்காலில் ஒரு காலை ஊன்றினான், அத்தானை நேருக்கு நேர் முறைத்தபடி வாயை ஆவென்று திறந்துகொண்டு, குனிந்து ஓங்கி ஒரு இழுப்பு இழுத்தான்.

கடலில் ஒருநாளும் முதல் இழுப்பில் கிளம்பாத மோட்டார் சாப்பாட்டு மேசையில் கிளம்பியது. பழைய சின்ன மோட்டார், அதற்குக் கியரெல்லாம் கிடையாது. கிளம்பினால் விசிறி சுற்றும். தரையில் விரித்திருந்த பேப்பர் தூள்தூளாகக் கூரைக்குப் பறந்தது. மேசை அதிர்ந்து அதிர்ந்து பட்டறைப் பக்கம் நடக்க ஆரம்பித்தது. அலமாரியில் இருந்த வாய்களெல்லாம் கடகடவென்று ஒன்றையொன்று கடித்தன. "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று அக்காள் போர்வையைத் தூக்கிக்கொண்டு அலறினாள். தம்பியோ புகைக்கு நடுவே வாயைத் திறந்தபடி தலையை இப்படியும் அப்படியும் உதறிக்கொண்டிருந்தான். பல் அசையவில்லை.

"விழல அத்தான்!" என்று கத்தினான்.

இத்தனை வருடம் கழித்து அவன் வாயிலிருந்து அந்த அத்தான். பல்லுக்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது, புகையால் மட்டும் அல்ல.

"அன்னிக்கு விழுந்துச்சு மாப்ளே!"

"என்ன? கேக்கல!"

"அன்னிக்கு விழுந்துச்சுன்னேன்!"

"என்னது?"

ஜன்னலில் தெருவே கூடி நின்றது, அதில் பாதி அவருடைய பற்களோடு. பல்லுக்காரர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினார். அந்த நொடியில் பெட்ரோல் தீர்ந்து மோட்டார் நின்றது. அத்தனை நிசப்தத்தில், அத்தனை வாடிக்கையாளர்கள் முன்னால், அவர் குரல் மட்டும் கணீரென்று கேட்டது:

"நான் செஞ்ச பல்லுதான் விழுந்துச்சு!"

யாரும் சிரிக்கவில்லை. பேப்பர்த் துண்டுகள் மட்டும் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. தம்பி கயிற்றைச் சுருட்டி வைத்தான். மேசையைப் பிடித்துப் பழைய இடத்துக்கு இழுத்தான், அத்தான் மறுபக்கம் பிடித்தார். மோட்டாரைக் கழற்றக் கையை வைத்தவனை அக்காள் தடுத்தாள்.

"இருக்கட்டும்டா. சாப்ட்டுட்டுக் கழட்டலாம்" என்றாள், மூன்று தட்டுகளையும் வைத்துக்கொண்டே.