நாலாம் மாடி ஆன்ட்டியின் பிரெட் அல்வா

எங்கள் தவக்காலமும் ரமலான் நோன்பும் இந்த ஆண்டு ஒரே வாரத்தில் தொடங்கின, நினைவிருக்கிறதா? அந்த முதல் சனிக்கிழமை, சிங்கப்பூரில், புக்கிட் பாத்தோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் நடந்தது இது.

கடைக்குப் போகாமல் இனிப்பு செய்வதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. நாலு காய்ந்த ரொட்டித் துண்டு, அரை டின் பால், ஒரு கரண்டி நெய், கையளவு முந்திரி இருந்தால் போதும், இருபது நிமிடத்தில் ஒரு தட்டு இனிப்பு வந்துவிடும். எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிறு பூசைக்குப் பிறகு திடீரென்று தேநீர் விருந்து என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதைக் கேட்கக் கேட்க எனக்குத் தலைக்கனம் ஏறிக்கொண்டே போயிற்று.

போன நவம்பரில் ஒன்பதாம் மாடிக்கு ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பம் குடிவந்தது. புக்கிட் மேராவில் பழைய வீட்டை விட்டுவிட்டு வந்தவர்கள். அந்த வீட்டுப் பெண் என்னைவிடப் பத்து, பன்னிரண்டு வயது இளையவர். லிஃப்டில் பார்த்தால் வாய் நிறைய அக்கா என்பார். எட்டு வயதில் ஒரு மகள். புத்தாண்டுக்கு நான் பிரெட் அல்வா கிண்டிக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, அவர் டப்பாவை வாங்கிக்கொண்டு சற்றுத் தயங்கினார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்ல…"

அவர் முடிப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "எங்க வீட்ல பன்றி வாங்குறதே இல்லம்மா. நெய்யிலிருந்து எல்லாம் ஹலால் முத்திரை பார்த்துதான் வாங்குறேன், ஆபீஸ்ல எல்லாரோடயும் பகிர்ந்து சாப்பிடுறதால. என் கையால குடுத்தா கண்ண மூடிட்டு சாப்பிடலாம்."

கண்ணை மூடிக்கொண்டு என்று நானே சொன்னேன், கவனியுங்கள்.

நோன்பு தொடங்கியதும் மேல் வீட்டிலிருந்து ஒரு டப்பா நிறைய நோன்புக் கஞ்சி வந்தது. வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் நம் ஆட்களிடம் ஏது? என்ன போட்டுக் கொடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே அவர் லிஃப்டில் எதிர்ப்பட்டார். சனிக்கிழமை மகள் முதன்முதலாக முழு நாள் நோன்பு வைக்கப் போகிறாளாம். நோன்பு திறக்கும்போது என்ன இனிப்பு வேண்டும் என்று கேட்டதற்கு, "நாலாம் மாடி ஆன்ட்டி அல்வா" என்றாளாம். இதற்கு மேல் எனக்கு வேறென்ன வேண்டும்?

சனிக்கிழமை மதியம் அடுப்பைப் பற்ற வைத்தேன். ரொட்டி இருந்தது, டின் பால் இருந்தது. முந்திரி மட்டும் தீர்ந்துபோயிருந்தது. பரவாயில்லை என்று ஃப்ரிட்ஜின் பின்வரிசையில் கையை விட்டேன். கிறிஸ்துமஸ் கேக்குக்கு ஊறவைத்து மிஞ்சிய உலர்பழங்கள் அங்கே ஒரு பாட்டிலில் இருந்தன.

இங்கேதான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் நான் இரண்டு பாட்டில் ஊறவைப்பேன். ஒன்று எங்கள் வீட்டுக் கேக்குக்கு, ரம்மில். இன்னொன்று ஆபீசுக்குக் கொண்டுபோகும் கேக்குக்கு, குலா மலாக்கா என்கிற தென்னை வெல்லப் பாகில். இரண்டும் ஒரே மாதிரி ஜாம் பாட்டில், ஒரே மாதிரிக் கறுப்பு. பெயர் எழுதி ஒட்டு என்று என் கணவர் எத்தனை தடவை சொல்லியிருப்பார்! என் ஃப்ரிட்ஜ் எனக்குத் தெரியாதா என்பேன். பாகுப் பாட்டில் இடது பக்கம், ரம் பாட்டில் வலது பக்கம். ரம் பழத்தைக் கேக்கிலேயே தீர்த்துவிட்டதாக என் நினைப்பு. ஆகவே மிச்சம் இருப்பது பாகுதான் என்று முடிவு கட்டி, பழங்களை வடித்து நெய்யில் வதக்கி அல்வாவில் கலந்தேன்.

வாசனை வரவில்லையா என்று கேட்பீர்கள். எனக்கு நாலு நாளாக ஜலதோஷம், மூக்கு முழுக்க அடைப்பு. சரி, ருசி பார்த்திருக்கலாமே? அதுவும் இல்லை. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் முதல் ஈஸ்டர் வரை இனிப்பைத் தொடுவதில்லை என்பது என் பல வருட ஒறுத்தல் முயற்சி. கிண்டும் கரண்டியைக்கூட நக்க மாட்டேன். அதைப் பற்றியும் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

ஐந்து மணிக்கு ஒன்பதாம் மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தச் சிறுமி வாசலுக்கே ஓடி வந்தாள். முகம் வாடியிருந்தாலும் கண்ணில் ஒரு மிதப்பு.

"ஆன்ட்டி, இன்னிக்கு ஃபுல் டே. தண்ணிகூட இல்ல. இன்னும் டூ அவர்ஸ்தான்," என்றாள்.

ஏழு மணி வாக்கில் என் கணவர் வேலையிலிருந்து வந்தார். சமையலறையில் தண்ணீர் குடிக்கப் போனவர், கழுவாமல் வைத்திருந்த பாட்டிலை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"என்ன, தவக்காலத்துல ரம் பாட்டில் காலியாயிருக்கு?" என்றார் சிரித்துக்கொண்டே.

"அது பாகு பாட்டில்," என்றேன்.

"பாகு பாட்டில நான் ஜனவரியிலேயே ரொட்டியில தடவித் தின்னு முடிச்சுட்டேனே. இது ரம் லா. நீயே மோந்து பாரு."

முகர்ந்து பார்க்க எனக்கு ஏது மூக்கு? பாட்டிலின் அடியில் ஒட்டியிருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். சுரீரென்றது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

விஷயத்தைச் சொன்னதும் அவருக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. என் கையிலிருந்த பாட்டிலை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "அடுப்புல வச்சு வதக்கினல்ல? பாதி போயிருக்கும். அவங்களுக்கு எங்க தெரியப் போகுது? இப்பப் போய்ச் சொல்லி அந்தப் பிள்ளையோட நோன்பு நேரத்தக் கெடுக்கணுமா?" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு மூன்று நிமிடம் நான் அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. நல்ல பெண்மணி, பொறுப்பானவர் என்று அந்த வீட்டில் எனக்கு இருக்கிற பெயரை நினைத்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பெயர் அப்படியே இருக்கும். ஆனால் அந்தப் பெண் ஜனவரியில் வாசலில் நின்று தயங்கியது கண்முன் வந்துவிட்டது. கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டே கேட்டார். நான் வாக்குக் கொடுத்தேன். அதை நம்பித்தான் பிள்ளைக்கு ஊட்டப் போகிறார். ஒரு சின்னப் பெண் விடிகாலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் இருந்து, கடைசியில் என் கையால் அவர்களுக்கு ஆகாததைச் சாப்பிடுவதா?

போன் போட்டேன், எடுக்கவில்லை. நோன்பு திறக்கும் நேரத்தில் யார் போனைப் பார்ப்பார்கள்? ஓடினேன். லிஃப்ட் பன்னிரண்டாம் மாடியிலேயே நின்றுகொண்டிருந்தது, எவரோ சாமான் ஏற்றுகிறார்கள் போல. படியில் ஏறினேன். ஐந்து மாடி. என் முழங்காலைப் பற்றி நான் வழக்கமாகச் செய்யும் புலம்பலுக்கெல்லாம் அன்று நேரமில்லை.

கதவு திறந்திருந்தது. கூடத்தில் பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண், அவர் கணவர், மாமியார், நடுவில் கையில் பேரீச்சம்பழத்தோடு அந்தச் சிறுமி. அவளுக்கு நேர் எதிரே, மூடி திறந்த என் அல்வா. நோன்பு திறக்க, ரேடியோவில் பாங்கு என்கிற தொழுகை அழைப்புக்காகக் காத்திருந்தார்கள்.

"அதத் தொடாதீங்க," என்றேன். மூச்சு வாங்கியது. "அல்வால ரம் இருக்கு. பாட்டில் மாறிப்போச்சு. நான் பார்க்கல."

மாமியார் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அந்தப் பெண் எழுந்து டப்பாவை மூடி, ஒரு பைக்குள் வைத்துக் கட்டி, கதவுக்கு வெளியே வைத்தார். அப்போது பாங்கு ஒலித்தது. அவர்கள் பேரீச்சம்பழம் சாப்பிட்டு, தண்ணீர் குடித்தார்கள். நான் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் நின்றேன். போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. சிறுமிக்கும் அப்படித்தான். அவள் அழுதது வேறு எதற்காகவும் இல்லை, அல்வா போய்விட்டதே என்றுதான்.

அந்தப் பெண் என் அருகில் வந்தார். திட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"அக்கா, நாங்க தொழுதுட்டு வர்றோம், பத்து நிமிஷம். அடுப்படில என்ன இருக்குன்னு பாருங்க. பிள்ளைக்கு ஏதாச்சும் இனிப்பு பண்ணிக் குடுங்க," என்றார்.

எனக்குச் சரியாகக் கேட்டதா என்றே சந்தேகமாக இருந்தது. அவர் சமையலறை விளக்கைப் போட்டு, அடுப்பு எங்கே, கரண்டி எங்கே என்று காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தெரியாத சமையலறையில் தனியாக நின்றேன். முதல் வேலையாக என் கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன். பிறகு தேடினேன். பேரீச்சம்பழம் தாராளமாக இருந்தது. கிரீம் கிராக்கர் பிஸ்கட் அரைப் பொட்டலம். நெய். பால். உறைபெட்டியில் துருவிய தேங்காய். ஒவ்வொன்றையும் எடுத்து மேலே எழுதியிருந்ததைப் படித்துப் பார்த்தேன், பிஸ்கட் பொட்டலத்தைக்கூட. பேரீச்சம்பழத்தைக் கொட்டை நீக்கி நெய்யில் போட்டு, இரண்டு கரண்டி பால் விட்டு, குழையும் வரை மசித்தேன். பிஸ்கட்டை நொறுக்கி அதில் கொட்டிப் பிசைந்தேன். சூடு ஆறுவதற்குள் உருட்டி, வாணலியில் வறுத்த தேங்காய்த் துருவலில் புரட்டி எடுத்தேன். பதினான்கு உருண்டை வந்தது. அவ்வளவுதான் வேலை. நீங்களும் செய்யலாம், சர்க்கரையே வேண்டாம்.

தொழுதுவிட்டு வந்த அந்தப் பெண் தட்டைப் பார்த்துவிட்டு, "ருசி பார்த்தீங்களா அக்கா?" என்றார்.

"தவக்காலத்துல நான் இனிப்பு தொடுறதில்லம்மா."

அவர் சிரித்தார். "நோன்போடதான் நான் தினம் கஞ்சிக்கு உப்பு பார்க்குறேன். நாக்கு நுனியில வச்சுப் பார்த்துட்டுத் துப்பிடுவேன். பல பேருக்குச் சமைக்கிறவங்க பார்த்துக்கலாம், அதுல தப்பில்லன்னு சொல்லுவாங்க."

அந்தச் சொல் என்னைச் சுட்டது. பட்டினி கிடக்கிறவருக்கே ருசி பார்க்க வழி இருக்க, இனிப்பை மட்டும் விட்ட நான் எவ்வளவு விறைப்பாக இருந்திருக்கிறேன். பிறர் சாப்பிடப் போவதைவிட என் விரதம் எனக்குப் பெரிதாகிவிட்டது. அவர் எதிரிலேயே ஓர் உருண்டையைப் பிட்டு வாயில் போட்டேன், துப்பவும் இல்லை. நன்றாகவே இருந்தது.

சிறுமி மூன்று தின்றாள். அவள் அப்பா இரண்டு. மாமியார் மட்டும் தட்டைத் தொடவில்லை, என்னோடு பேசவும் இல்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன், அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பேன். அல்வாவைக் கீழே எடுத்து வந்தேன். என் கணவர் மூன்று நாள் வைத்துக்கொண்டு ரசித்துச் சாப்பிட்டார், வேறென்ன.

இப்போது என் ஃப்ரிட்ஜில் எல்லாப் பாட்டிலிலும் பெயர் ஒட்டியிருக்கிறது. ஆனால் அந்த நாளை நினைத்தால் எனக்கு ஞாபகம் வருவது அது இல்லை. வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் மன்னிப்புக் கேட்டு நின்றிருக்கிறேன். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த நாளிலிருந்து கொஞ்சம் தள்ளியே நின்றவர்கள்தான் அதிகம். அந்தப் பெண் பரவாயில்லை என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நான் தவறைச் சொல்லி முடித்த சில நிமிடத்தில், தன் பிள்ளைக்குச் சமைக்கச் சொல்லி அடுப்படியை என்னிடம் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் தொழப் போனார்.