நாரிநோக் கொப்பி

எங்கள் குடும்பத்தில் சீனியர் சோதனை வரை படித்த முதல் ஆள் நான். அதனால்தான் மிஷன் ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார டொக்டர் அம்மா, தோட்டவேலை செய்யும் பெண்களின் நாரிநோவை ஆராயத் தொடங்கியபோது என்னைக் கூப்பிட்டார். முதுகு முடிந்து இடுப்பில் இறங்கும் இடத்தை நாங்கள் நாரி என்போம். கேள்வியைத் தமிழில் கேட்டுப் பதிலை இங்கிலீசில் கொப்பியில் எழுதுவது என் வேலை. என் எழுத்து அச்சடித்தது போல இருக்கிறது என்று டொக்டர் அம்மா சொன்னதை ஊரில் நாலு பேருக்காவது சொல்லியிருப்பேன்.

வந்தவர்களைக் குனியச் சொல்லி, விரல் நுனிக்கும் நிலத்துக்கும் உள்ள தூரத்தை நாடாவால் அளப்பேன்.

"பிள்ளை, உந்த வெள்ளைக்காரி எங்களை ஏன் அளக்கிறா? சட்டை தைச்சுத் தரப்போறாவோ?" என்று சண்டிலிப்பாயிலிருந்து வந்த ஒருத்தி கேட்டாள்.

"உன்ரை அளவுக்கு வள்ளத்துப் பாய்தான் காணும்" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

சந்தேகம் எனக்கும் இருந்தது. முதலில் வருகிறவளுக்குக் குளிசை, அடுத்தவளுக்கு இடுப்பில் கட்டும் கன்வஸ் பட்டி என்று மாறி மாறிக் கொடுத்தார்கள். எது கேட்கிறது என்று பார்க்கத்தானாம். அப்படியானால் ஒரு பகுதியை ஏமாற்றுகிறார்களா? ஒருநாள் ஒரு குளிசையை எடுத்து நக்கிப் பார்த்தேன். கசந்தது. கசப்பதெல்லாம் மருந்தா என்ற யோசனை பிறகும் போகவில்லை.

நாரிநோவோடு என் அம்மாவும் வந்திருந்தார். அவருக்குக் கிடைத்தது பட்டி. மாத முடிவில் நோ குறைந்தவர்களை வீட்டுக்கு விட்டுவிடுவது, குறையாதவர்களை வார்டில் மறித்துப் பலகைக் கட்டிலில் கிடத்திப் பார்ப்பது என்று ஏற்பாடு. மாதம் முடிந்தபோது என் கொப்பியில் குளிசைக்காரிக்கும் சுகம், பட்டிக்காரிக்கும் சுகம். டொக்டர் அம்மாவின் முகம் மலர்ந்திருந்தது. எனக்கு என்னவோ பிடிக்கவில்லை.

அம்மாவும் குனிந்தார். விரல் நிலத்தைத் தொட்டது. ஆனால் சீலைக் கரை நிலத்தில் குவிந்து கிடந்தது.

திருக்கல் வண்டியில் வீடு திரும்பும்போது கேட்டேன். "ஏனம்மா முழங்காலை மடிச்சனீங்கள்?"

"ஆர் மடிச்சது?"

"சீலைக்கரை நிலத்திலை கிடந்ததை நான் கண்டனான்."

"படிச்ச உனக்கு என்ரை சீலைக்குள்ளையும் பாக்கத் தெரியுதோ?" அம்மா மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார். "கடல் கடந்து வந்த மனிசி, தன்ரை கையாலை பட்டி கட்டிவிடுது. அதின்ரை முகத்துக்கு நேரே குறையேல்லை எண்டு சொல்லுறதே? எங்கடை ஆக்கள் ஆர் சொல்லுவினம்?"

வீட்டுக்குள் அம்மா நடந்த இடமெல்லாம் இரத்தப் பொட்டு. வலது உள்ளங்காலில் விரல் நீள வேலி முள் ஏறியிருந்தது. இழுத்து எடுத்தேன். அம்மா வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன பிள்ளை, என்ரை காலைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்?"

முள் ஏறியதும் தெரியவில்லை, எடுத்ததும் தெரியவில்லை. நாரியில் தொடங்கிய ஏதோ ஒன்று காலுக்கு இறங்கிவிட்டது. அந்தக் காலோடு அம்மாவை வீட்டுக்கு விடலாம் என்று எழுதிக் கொடுத்தவள் நான்தான்.

அடுத்த நாள் பட்டியும் மிச்சக் குளிசையும் திருப்பிக் கொடுக்க வந்த பெண்களிடம் நோவைப் பற்றி நான் கேட்கவில்லை. "இப்ப உங்கடை வீட்டிலை தண்ணி ஆர் அள்ளுறது?" என்றேன்.

"மருமோள்தான்" என்றாள் சண்டிலிப்பாய்க்காரி.

"நோ குறைஞ்சிட்டுது எண்டனீங்களே?"

"குறைஞ்சதுதான் பிள்ளை. குனியத்தான் ஏலாது."

மற்றவர்களின் கதையும் அதுதான். கொப்பியைத் தூக்கிக்கொண்டு டொக்டர் அம்மாவிடம் போனேன். இதில் உள்ளதை நம்பவேண்டாம் என்றேன். அவர் என்னைத்தான் சந்தேகித்தார். அவர்கள் சொன்னதை நீ சரியாக எழுதினாயா என்று இங்கிலீசில் கேட்டார். எனக்கு முகம் எரிந்தது. சொன்னதைத்தான் எழுதினேன், அதுதான் பிழை என்றேன். முள் ஏறியது அம்மாவுக்குத் தெரியாமல் போனதையும் சொன்னேன். அவர் அம்மாவைக் கூட்டிவரச் சொன்னார்.

அம்மாவைக் கட்டிலில் படுக்கவைத்துக் கண்ணுக்கு மேல் துவாயைப் போட்டார். வலது உள்ளங்காலில் ஊசி முனையை அழுத்தினார்.

"தெரியுதா?" என்று நான் தமிழில் கேட்டேன்.

"ஓம், டொக்டர் அம்மா."

ஊசியை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். "இப்ப?" என்றேன்.

"ஓம். நல்லாத் தெரியுது."

டொக்டர் அம்மா என்னைப் பார்த்தார். பிறகு நேர்ஸைக் கூப்பிட்டு வார்டில் பலகைக் கட்டில் போடச் சொன்னார். அம்மா துவாயை இழுத்தெறிந்தார். ஊசி காலில் இல்லாததைக் கண்டு எழும்பப் பார்த்தார், முடியவில்லை.

"முகத்தை மூடிப்போட்டு என்னைக் கள்ளியாக்கிப்போட்டியள், நீயும் அவவும் சேந்து" என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அம்மாவின் பெயருக்கு நேரே இருந்த 'சுகம்' என்பதற்கான இங்கிலீஸ் சொல்லை மையால் வெட்டினேன். இன்னும் எத்தனை கட்டில் வேண்டும் என்று நேர்ஸ் கேட்டார். கொப்பி என் கையில்தான் இருந்தது. மற்ற எல்லாப் பெயருக்கும் நேரே இன்னும் அந்தச் சொல்தான் கிடந்தது.