மல்லாட்டைப் போரும் ஒரு கண்ணீர் அஞ்சலியும்

என் கணவரின் அண்ணனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. செல்போனில் நாலு வீடியோ பார்த்தால் போதும், அவரே டாக்டர், அவரே இன்ஜினியர். நான் அவரை மாமா என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவேன். அந்த மரியாதை வாயோடு சரி.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. அந்த வருடம் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பிடுங்கி முடிந்ததும், கொடி மாட்டுக்கு ஆகுமென்று பின்சுவரை ஒட்டியே போர் போட வைத்தார் மாமா. கொடியில் விட்டுப்போன காய்க்கு எலி வந்தது. எலிக்குப் பின்னால் கண்ணாடி விரியன் வந்தது. அதை முதலில் கண்டுபிடித்தது எங்கள் நாய்தான். போருக்கு எதிரே நின்று குரைத்தது. உள்ளேயிருந்து குக்கரில் ஆவி போகிற மாதிரி ஒரு சீறல். நாய் ஒரே தாவாகப் பின்னால் குதித்துவிட்டது. அந்தப் புத்தி எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் இல்லை.

“மாமா, போரைக் கழனிக்கு மாத்திடலாங்க. நாய் ஒரு நாள் கடி வாங்கிடப் போவுது.”

“அது ரெண்டு ஆளுக்கு ரெண்டு நாள் வேலை. ஆளு எங்க கெடைக்குது? நான் பாத்துக்கறேன், நீ கம்முனு இரு.”

பார்த்துக்கொண்டார் போங்கள்! பூண்டை நசுக்கி வீட்டைச் சுற்றிக் கோடு போட்டார். அதன்மேல் பினாயில் ஊற்றினார். நாயின் கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு. வீடே ஆஸ்பத்திரி மாதிரி நாறியது. மூன்றாம் நாள் அந்த விரியன் பூண்டுக் கோட்டின் மேலேயே சாவகாசமாக ஊர்ந்து போனதை என் கண்ணால் பார்த்தேன். சொன்னால், “அது சாரையா இருக்கும்” என்றார். பார்த்தது நான், பெயர் வைப்பது அவர்.

அப்புறம்தான் அந்த மகா யோசனை வந்தது. “அவுத்து விட்டாதான் அது பாம்புகிட்ட போவுது. கட்டிப் போடு.”

வீட்டில் நிழல் விழுகிற கம்பம் ஒன்றே ஒன்று, போருக்குப் பக்கத்தில். சங்கிலியை அதில்தான் கட்டினோம்.

இரண்டு நாள் கழித்துக் காலையில், நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் எனக்குச் சமையல் வேலை. பின்பக்கம் வீல் என்று ஒரு சத்தம். ஓடினேன். நாயின் மூக்குக்குப் பக்கத்தில் இரண்டு சொட்டு ரத்தம். முகம் வீங்க ஆரம்பித்திருந்தது. சங்கிலி விறைத்துக் கிடந்தது.

“மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கினு போலாம், வண்டிய எடுங்க,” என்று கணவரிடம் கத்தினேன். மாமா குறுக்கே வந்து நின்றார். “ஊசி போட்டா நாய் தாங்காது. பச்சிலை இருக்குது, அரைச்சி ஊத்தலாம்.” என் கணவர் என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். வாயில் கொழுக்கட்டை. மாமா இலையைத் தேடி, அரைத்து, வீங்கின வாயைப் பிளந்து ஊற்றி, அது முழுங்காமல் கக்கி, முக்கால் மணி நேரம் போய்விட்டது. கடைசியில் நானே நாயைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கணவர் சாவியை எடுத்தார்.

டாக்டரம்மா விஷமுறிவு ஊசியை ஏற்றினார். குளுக்கோஸ் போட்டார். பிறகு கழுத்தில் இருந்த பட்டையைத் தொட்டுப் பார்த்து, “கட்டியிருந்தீங்களா?” என்று கேட்டார்.

“ஆமாங்க. பாம்புகிட்ட போவாம இருக்கட்டும்னு.”

“எங்க கட்டினீங்க?”

“கொடிப் போர்கிட்ட.”

“எலி இருக்கிற எடத்துல பாம்பு இருக்கும். அங்க கொண்டு போய்க் கட்டினா அது எங்கம்மா ஓடும்?”

பாட்டில் பாதி இறங்குவதற்குள் நாய் செத்துவிட்டது. மத்தியானம் கூட ஆகவில்லை.

கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். எங்கள் மாமா நமஸ்காரத்துக்குப் பேனரே அடித்தார். கண்ணீர் அஞ்சலி! ‘எங்கள் குடும்பத்தைக் காக்கத் தன்னுயிர் ஈந்த தியாகச் செல்வமே’ என்று தெருமுனையில் கட்டினார். மூலையில் நாய் தபால்தலை அளவு. நடுவில் கைகூப்பியபடி மாமா, ஆளுயரம். பௌர்ணமிக்கு வந்த கூட்டம் அவரைத்தான் செத்தவர் என்று நினைத்து உச்சுக் கொட்டிவிட்டுப் போனது. எனக்கு வந்த எரிச்சலில் அவர்கள் நினைத்தது நிஜமாக இருந்தால்தான் என்ன என்று கூடத் தோன்றியது. தோன்றியதைச் சொல்கிறேன், பாவம் என்றால் பாவம்.

அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் மாமா ஒரு குட்டியைக் கொண்டுவந்தார். நேராகப் பின்பக்கம் போனார். அதே கம்பம், அதே சங்கிலி.

“கட்டாதீங்க மாமா.”

“கட்டலன்னா பாம்பு கடிக்கும். உனக்கு என்னா தெரியும்?”

குட்டியின் கழுத்தில் அவர் மாட்டிய கொக்கியை எடுத்தேன். சங்கிலியைக் கிணற்றில் போட்டேன். புடவையை வரிந்து செருகிக்கொண்டு நீளக் கழியால் போரைத் தட்டித் தட்டிக் கலைக்க ஆரம்பித்தேன். கணவர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, என்ன தோன்றியதோ, மாட்டு வண்டியைப் பூட்டிக்கொண்டு வந்தார். அடியில் எலிக்குஞ்சுகள், ஒரு பாம்புச் சட்டை. விரியன் வேலிப்பக்கம் தானாகப் போய்விட்டது. கழனியில் கொடியை அடுக்கி, மழைக்கு மூட எதுவும் இல்லாமல் அந்தப் பேனரை அவிழ்த்து வந்து போர்த்தினோம். மாமா வானத்தைப் பார்த்துக் கும்பிட்டபடி படுத்திருந்தார்.

வீட்டுக்குத் திரும்பியபோது மத்தியானச் சோறு வைக்கிற நேரம் கூட ஆகவில்லை. இரண்டு ஆளுக்கு இரண்டு நாள் என்றாரே, அது அரை நாள் வேலை. அவரைத் திட்ட எனக்கு வாய் வலிக்காது. ஆனால் அன்றைக்கு அவர் ‘கட்டிப் போடு’ என்று சொன்னார், அவ்வளவுதான். வாலை ஆட்டிக்கொண்டு வந்த நாயைப் பிடித்துக் கொக்கியை மாட்டியது நான்.