வலது காலில் ஒரு நீல கிளிப்

பேண்டின் வலது காலை இறுக்கிப் பிடித்து, துணி காயப்போடும் நீல கிளிப் ஒன்றை மாட்டிக்கொண்டிருக்கிறார் எங்கள் எதிர்வீட்டு லிஃப்ட் மெக்கானிக். சைக்கிள் செயினின் கிரீஸ் துணியில் படாமலிருக்க இந்த ஏற்பாடு. இறங்கியதும் கழற்றிவிட வேண்டும் என்பது விதி. அதை அவர் மதித்ததே இல்லை. மைத்துனன் கல்யாணப் படங்களில் எல்லாவற்றிலும் கிளிப் இருக்கிறது. சிலவற்றில் அவர் தலைதான் இல்லை.

நாள் முழுக்க ஊராரை மேலே ஏற்றி இறக்குவதற்கு வழி செய்பவர், தான் மட்டும் படியில்தான் இறங்குவார். வண்டி வாங்கச் சொன்னால் ஒரே பதில்: "காலையிலேருந்து மோட்டாரோடதாங்க குடித்தனம். அதோட குணம் எனக்குத் தெரியும்."

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த மைத்துனன் ஸ்கூட்டர் விற்கிறான். கடவுளுக்கும் பொழுது போக வேண்டாமா?

ஆண்டு இறுதி விடுமுறைக்கு முன், அந்த வீட்டில் ஆளுக்கொரு சீட்டில் தனக்கு வேண்டிய பரிசை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவார்கள். ஒன்பது வருடமாக இவர் சீட்டில் 'பிரேக் கட்டை' என்றே இருந்தது. இந்த வருடம் வீடு பொறுமை இழந்தது. இவர் சீட்டை இனி மனைவியே எழுதுவார் என்று தீர்மானம் நிறைவேறியது. எதிர்ப்பு ஓட்டு ஒன்று. அம்மையார் எழுதி, நாலாக மடித்து, மேலே காந்தத்தை அழுத்தினார்.

அன்றிலிருந்து மனிதர் துப்பறியத் தொடங்கினார். மனைவி மாடிப்படிக்கு அடியில் டேப் வைத்து அளக்கிறார். மைத்துனன் போன் செய்து அக்காவிடம் மட்டும் ரகசியம் பேசுகிறான். பழைய வண்டியைக் கொடுத்துப் புதியதை வாங்கிப் போகும்படி அவன் கடை வாசலில் பலகை வேறு தொங்குகிறது. அதைக் கடக்கும்போது மட்டும் இவர் மிதிக்கும் வேகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

விடுமுறையன்று காலை, பரிசு வேளைக்கு முன்பே சைக்கிளோடு தப்பிவிடத் திட்டம். குளித்து, கிளிப் மாட்டி, பூனைபோல வாசலுக்கு வந்தார். சைக்கிள் இல்லை. பதினேழு வருடம் அது நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. எதிரே நின்ற என்னிடம், "குடுத்துட்டாங்க சார்," என்றார்.

ஆறுதல் சொல்லும் சாக்கில் நானும் உள்ளே போனேன்.

சமையலறையைத் தாண்டி, மாடிப்படிக்கு அடியில், சுவரில் புதிதாக இரண்டு இரும்புக் கொக்கிகள். நேற்றே துளை போட்டு, காலண்டரை மாட்டி மறைத்திருந்தார்களாம். கொக்கிகளில் துடைத்துப் பளபளவென்று சைக்கிள் தொங்கியது. கொல்லை வழியாகத் தூக்கி வந்த மைத்துனன் கையைத் துடைத்தபடி, "பயப்படாதீங்க மாமா, இந்தக் கொக்கி ஸ்கூட்டரையே தாங்கும்," என்றான். தொழில் புத்தி.

மனைவி சீட்டைப் பிரித்து நீட்டினார். 'இவர் ஒரு வேளையாவது எழுந்திருக்காமல் சாப்பிட வேண்டும்' என்று எழுதியிருந்தது.

"நாலு தூறல் விழுந்தா போதும், சைக்கிளை மூட எச்சில் கையோட வாசலுக்கு ஓடறீங்க. இனிமே அதுவும் உள்ளேயே இருக்கட்டும். உக்காருங்க."

லிஃப்ட் மெக்கானிக் குனிந்து, காலிலிருந்த கிளிப்பைக் கழற்றி, அதைக்கொண்டே அந்தச் சீட்டை சைக்கிளின் பிரேக் ஒயரில் மாட்டிவிட்டு, சாப்பிட உட்கார்ந்தார்.