ஸ்டிக்கரை நம்பி நான் சொன்ன வார்த்தை

இலங்கையில், ருவான்வெல்லை பஜாரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பள்ளிக்கூடத்தில் ஏ.எல். பரீட்சை வரை முடித்திருந்தேன். யட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் வரும் புது பிளாஸ்டிக் வாசனையும், பக்கத்து பேக்கரியின் பணிஸ் வாசனையும் இப்போதுகூட மூக்கில் நிற்கின்றன.

அப்போது ஒரு புது ஒபரேட்டிங் சிஸ்டம் வரப்போகிறது என்று எங்கும் ஒரே பேச்சு. அது வருவதற்கு முன்பே, அதற்கு ஏற்றவை என்று ஆங்கிலத்தில் எழுதிய பளபளப்பான ஸ்டிக்கர் ஒட்டிய கம்ப்யூட்டர்கள் கடைக்கு வந்துவிட்டன. வருகிறவர்களுக்கெல்லாம் அதை ஆங்கிலத்தில் வாசித்து, பிறகு தமிழிலோ சிங்களத்திலோ விளக்குவேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஒரு நாள் ஓர் அக்கா ஊன்றுகோலோடு வந்தார். மழைக்கு மறுநாள் ரப்பர் பால் வெட்டப் போய், சரிவில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர். மலையேற முடியாமல் போனபின், லயத்து ஆட்களுக்கு விண்ணப்பங்களும் கடிதங்களும் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கையால் எழுதிக் கொடுத்தால் அரசாங்க ஆபீஸில் தமிழ்ப் பெயர்களைப் பிழையாகப் பதிந்துவிடுகிறார்களாம். சிங்களத்திலும் தமிழிலும் அச்சடித்துக் கொடுத்தால் அப்படியே பார்த்து எழுதுவார்கள் என்பது அவருடைய கணக்கு. வெளிநாட்டில் வீட்டு வேலை செய்த தங்கை அனுப்பிய பணத்தை வைத்துக் கம்ப்யூட்டர் வாங்க வந்திருந்தார்.

"புதுசா வர்றதுல தமிழும் சிங்களமும் சேர்ந்தே வருமாமே தங்கச்சி, இந்த மெஷின்ல அது ஓடுமா?"

நான் ஸ்டிக்கரைத் தொட்டுக் காட்டினேன். "கம்பெனியே ஒட்டி அனுப்பியிருக்காங்கக்கா. கண்ண மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க."

"நீங்க சொல்றீங்களா, ஓடும்னு?"

"ஓடும்க்கா."

சில வாரங்களில் புது சிஸ்டம் வந்தது. அக்கா மெஷினை த்ரீவீலரில் கொண்டுவந்தார். நான்தான் புது சிஸ்டத்தை அதில் ஏற்றிக் கொடுத்தேன். திரையில் அழகான படம் வந்ததும் இருவரும் சிரித்தோம். அதற்குமேல் நான் எதையும் சோதித்துப் பார்க்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, கொட்டும் மழையில், மெஷின் இல்லாமல் அவர் மட்டும் வந்தார்.

"ஒரு எழுத்து அடிச்சா, அது வர்றதுக்குள்ள தேத்தண்ணி ஊத்திக் குடிச்சிட்டு வந்துறலாம் போல இருக்கு. பிரிண்டர சொருகுனா அப்படியே நின்னு போயிருது. வர்ற சனிக்கெழம ஆபீஸ்காரங்களே ஸ்கூலுக்கு வந்து நடமாடும் சேவை நடத்துறாங்க. அடையாள அட்டை எடுக்க, பேரு திருத்தன்னு நாப்பது பேரு எங்கிட்ட வெவரத்த குடுத்துட்டுக் காத்துக்கிட்டு இருக்காங்க."

கடையில் இருந்த இன்னொரு பெட்டியைத் திருப்பி, அன்றுதான் முதன்முறையாக அதிலிருந்த பொடி எழுத்துகளை வாசித்தேன். ஸ்டிக்கரில் இரண்டு வகை இருந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். எங்கள் மெஷின்களில் இருந்தது, அந்த சிஸ்டத்தின் ஆகச் சாதாரணமான வகை ஏதோ ஓடும் என்பதற்கு மட்டும். நான் ஏற்றிக் கொடுத்ததோ பெரிய வகை.

முதலாளி சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார், ஒட்டியது கம்பெனி, நாங்களில்லை, அப்படியே சொல்லி அனுப்பு என்று. அதுவும் உண்மைதான். ஆனால் அக்கா கம்பெனியிடம் கேட்கவில்லையே, என்னிடம்தானே கேட்டார்.

"அக்கா, சரியாத் தெரிஞ்சுக்காமலே ஓடும்னு சொல்லிட்டேன்," என்றேன்.

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஈரச் சேலை முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "ஸ்டிக்கர்ல இருந்தது இங்கிலீசு. எனக்கு வெளங்கல. நீங்க சொன்னது வெளங்குச்சி. அத நம்பித்தான் நான் வாங்குனேன்."

முதலாளியிடம் லீவு கேட்டு, மறுநாள் காலையிலேயே அக்காவின் லயத்துக்குப் போனேன். பையில் பழைய சிஸ்டத்தின் சீடியும், சிங்கள, தமிழ் எழுத்துகளைத் தனியாக ஏற்றும் இன்னொரு சீடியும் இருந்தன. ரப்பர் மரங்களுக்கு நடுவே ஏறும்போது, இந்தச் சரிவில்தான் அவர் விழுந்திருப்பாரோ என்று தோன்றியது.

புது மெஷின் பழைய சிஸ்டத்தை லேசில் ஏற்கவில்லை. இரண்டு முறை பாதியில் நின்றது. மூன்றாவது முறை ஏறியது. ஆனால் சத்தம் வரவில்லை, நிறங்கள் மங்கிக் கிடந்தன. "எனக்குப் பாட்டா வேணும்? எழுத்து வந்தா போதும்," என்றார் அக்கா. தமிழ் எழுத்து ஒன்று தட்டியவுடன் திரையில் விழுந்தபோது, வாசலில் நின்ற இரண்டு பெண்கள் "ஆ, வந்துருச்சி!" என்று கத்தியே விட்டார்கள். சிங்களத்தை நான் அடிக்க, தமிழை அக்கா அடிக்க, மாறிமாறி உட்கார்ந்தோம். மத்தியானம் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் தந்தார்கள். வெள்ளிக்கிழமையும் போனேன். கடைசித் தாள் பிரிண்டரிலிருந்து வெளியே வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

"பஸ் போயிரப் போவுது, கெளம்புங்க," என்றார் அக்கா.

சனிக்கிழமை நானும் ஸ்கூலுக்குப் போய் ஓரமாக நின்றேன். அங்கிருந்த சிங்கள அதிகாரி ஒவ்வொரு தாளையும் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாகப் பார்த்து பெயர்களைப் பதிந்தார். தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று ஒரு பெண் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. சிலருக்கு வேறு பத்திரங்கள் இல்லாமல் வேலை முடியவில்லை. ஆனால் அக்கா கொடுத்த தாளில் பிழை என்று ஒருவரைக்கூடத் திருப்பி அனுப்பவில்லை.

அதன்பிறகும் அவர் பேப்பரும் மையும் வாங்க எங்கள் கடைக்கே வந்தார், என்னிடமே கேட்டார். நான் பெட்டியைப் பிரித்து, முழுதும் வாசித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். அதுவரை ஸ்டூலில் உட்கார்ந்து பொறுமையாக இருப்பார்.

இப்போது அந்த இடத்தில் போன் கடை இருக்கிறது. நான் வேறு ஊரில், ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். யாராவது என்னிடம் நம்பி ஒன்றைக் கேட்கும்போது, "எனக்குத் தெரியாது, பார்த்துச் சொல்றேன்" என்று கூச்சமில்லாமல் சொல்லிவிடுகிறேன். அப்போதெல்லாம், அந்த அக்காவுக்கு அன்றைக்கே கொடுத்திருக்க வேண்டிய பதிலைத்தான் இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றும்.