நான் முடிக்காத பயிற்சிப் பட்டறை

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கோவையில் ஒரு கல்லூரியில் தாவரத் திசு வளர்ப்பு பற்றிப் பத்து நாள் பயிற்சிப் பட்டறை நடத்தினார்கள். நான் அப்போது தாவரவியலில் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தேன். திசு வளர்ப்பைப் பாடப் புத்தகத்தில் படித்திருந்தேனே தவிர, கையால் ஒரு முறைகூடச் செய்து பார்த்ததில்லை. பட்டறையில் இடம் கிடைத்துவிட்டது என்று என் வழிகாட்டி சொன்னபோது எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

எங்கள் ஊர் கருமத்தம்பட்டி. வீட்டை ஒட்டியே அப்பா விசைத்தறி போட்டிருந்தார். தினமும் பஸ்ஸில் போய் வருகிற தூரம்தான். ஆனால் செய்முறை வகுப்புகள் இருட்டும்வரை நடக்கும் என்பதால் விடுதியில் தங்கச் சொன்னார்கள். அப்பா யோசித்தார். கடைசியில் தறியை ஒருவர் பொறுப்பில் விட்டுவிட்டு அவரே என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார். விடுதியின் காம்பவுண்டுச் சுவரைச் சுற்றிப் பார்த்தார், வார்டனிடம் பேசினார், "சரி, நல்லாப் படிச்சுட்டு வா அம்மணி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் கல்லூரி விரிவுரையாளர்கள். பெண்கள் இரண்டே பேர். நான், இன்னொருவர் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்த விரிவுரையாளர். எங்கள் இருவருக்கும் ஒரே அறை. முதல் நாள் சாயங்காலத்திற்குள்ளாகவே அவர் எனக்கு அக்கா ஆகிவிட்டார்.

பயிற்சி கொடுக்க வெளியூரிலிருந்து ஒரு நிபுணர் வந்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. திசு வளர்ப்பில் பெரிய பெயர். அவர் நடந்து வந்தால் எங்கள் துறைத் தலைவர்கள்கூட எழுந்து நிற்பார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும், அவர் பாடம் எடுத்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஆனால் நடுநடுவே வேடிக்கை என்று ஏதாவது சொல்வார். இரண்டாம் நாள் என்னைப் பார்த்து, "இந்தப் பொண்ணு கை பட்டா வாழை என்ன, பட்ட மரமே துளிர்க்கும். என்னைப் போன்ற பட்ட மரத்தைத்தான் சொல்றேன்" என்றார். அரங்கமே சிரித்தது. பட்டறையை நடத்திய பேராசிரியர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். என்ன செய்வது என்று தெரியாமல் நானும் சிரித்தேன். பக்கத்தில் அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் செய்முறை தொடங்கியது. நேந்திரன் வாழைக் கிழங்கைச் சீவிச் சீவி, நடுவிலிருக்கும் குருத்து நுனியை மட்டும் எடுத்து, பாட்டிலில் இருக்கும் ஜெல்லி போன்ற உணவுக் கலவையில் நட வேண்டும். ஒரு கிருமி புகுந்தாலும் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் இதையெல்லாம் சுத்தமான காற்று வீசிக்கொண்டிருக்கும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, கைகளை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து உள்ளே நீட்டித்தான் செய்வார்கள். வேலை முடிகிறவரை கையை வெளியே எடுக்கக் கூடாது, எதையும் தொடக் கூடாது.

என் முறை வந்தது. கத்தியை விளக்கில் காட்டிச் சூடாக்கி ஆறவைத்து முதல் நுனியை எடுத்துக்கொண்டிருந்தேன். நிபுணர் பின்னால் வந்து நின்றார். "கத்தியை இப்படிப் பிடிக்கக் கூடாது" என்று என் தோளில் கையை வைத்தார். மற்றவர்களுக்கு வாயால்தான் சொல்லிக்கொடுத்தார், அதை நான் பார்த்திருந்தேன். தோளிலிருந்த கை முதுகுக்கு இறங்கியது, இடுப்புக்கு வந்து அங்கேயே நின்றது. என் இரண்டு கைகளும் பெட்டிக்குள். ஒன்றில் கத்தி, ஒன்றில் இடுக்கி. நடுவில் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. கையை உதறி எழுந்தால் பாட்டில் கெட்டுப்போகும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். உடம்பை முன்னால் தள்ளித் தள்ளி உட்கார்ந்தேன். நாற்காலி நுனிக்கே வந்துவிட்டேன். அப்படியே அந்த நுனியை நட்டு முடித்தேன். இரண்டாவதையும் நட்டேன். கை நடுங்காமல் எப்படிச் செய்தேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது.

எழுந்தபோது அவர் மெதுவாகச் சொன்னார், "நல்லா வருது உனக்கு. ஸ்லைடெல்லாம் கெஸ்ட் ஹவுஸ்ல வெச்சிருக்கேன். சாயந்தரம் தனியா வா, காட்டறேன். எங்க லேப்ல பிஎச்.டி.க்கு ஒரு இடம் இருக்கு."

ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பது என் பல வருடக் கனவு. அந்த இடம் என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு கணம் மனசு துள்ளியது. துள்ளிய மறுகணமே என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

நான் போகவில்லை. சாயங்காலம் விடுதிக்குப் பின்னால் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன்தான். ஆனால் அழுது முடித்தபோது எனக்குள் ஒரு தெளிவு இருந்தது.

"நாளையிலிருந்து நானும் நீங்களும் ஒண்ணாவே உக்காந்துக்கலாமுங்க்கா. நான் உள்ள கை வெச்சிருக்கறப்ப நீங்க எனக்குப் பின்னால நின்னுக்கோங்க, அது போதும். பட்டறையை முடிச்சுட்டுத்தான் ஊட்டுக்குப் போகோணும்" என்றேன்.

அக்காவின் முகம் சிவந்து போயிருந்தது. "நீ கவலைப்படாத கண்ணு. நான் பாத்துக்கறேன்" என்றார். நான் சொன்னதற்குச் சம்மதம் சொல்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை நான் எழுந்தபோது அக்கா அறையில் இல்லை. ஆய்வகத்துக்குப் போனதும் பேராசிரியர் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். அவர் அறைக்குள் போனேன். அக்கா அங்கே நின்றுகொண்டிருந்தார். பேராசிரியர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "உங்கப்பாவுக்குப் போன் பண்ணிப்போட்டேம்மா. வந்துட்டு இருக்காரு. நீ கெளம்பீரு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பதறினார். "சார், அந்தாளை அனுப்புங்கன்னுதானுங்க சார் நான் சொன்னேன்! இந்தப் புள்ளைய இல்லீங்க!"

"அவரை நான் எப்படிங்கம்மா அனுப்பறது? இத்தனை பேரும் அவரை நம்பித்தான் வந்திருக்காங்க. நாளைக்கு இந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

அவர் கெட்டவர் இல்லை. அவர் குரல் நடுங்கியது, எனக்குக் கேட்டது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "வெளிய உக்காரும்மா" என்றார். வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

அப்பா வந்தார். வேர்த்து விறுவிறுத்து வந்தவர், என் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனார். கதவு சாத்தியிருந்தது. என்ன சொன்னார்கள், எவ்வளவு சொன்னார்கள் என்று தெரியாது. வெளியே வந்தபோது அப்பாவின் முகம் வேறு மாதிரி இருந்தது. "பையெல்லாம் எடுத்துக்க சாமி" என்று மட்டும் சொன்னார். அக்கா என் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார். விடுதி வாசலில் என் கையைப் பிடித்தவர், பிடித்தபடியே நின்றார்.

அப்பாவும் நானும் கல்லூரிக் கேட்டை நெருங்கும்போது யாரோ ஓடி வருகிற சத்தம் கேட்டது. சென்னிமலையிலிருந்து வந்திருந்த ஓர் இளம் விரிவுரையாளர். பட்டறையில் நான் அவரிடம் இரண்டு வார்த்தைகூடப் பேசியதில்லை. மூச்சு வாங்க நின்று, முதலில் அப்பாவுக்கு வணக்கம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "ஏனுங்க, நீங்களாத்தான் போறீங்களா? உங்களுக்குப் போகோணும்னு இருக்குதுங்களா? இல்லைன்னா சொல்லுங்க. நாங்க நாலஞ்சு பேரு சேந்து போயி சார்கிட்ட பேசறமுங்க" என்றார்.

அந்த முழு நாளில் அந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

அப்பா என்னையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். முன்பின் தெரியாத ஓர் ஆண், அப்பாவின் எதிரிலேயே என் விருப்பத்தைக் கேட்கிறார். எனக்கு வேர்த்தது. இருக்கிறேன் என்று சொன்னால் அப்பா என்ன நினைப்பார்? இவருக்கும் எனக்கும் என்ன என்று நினைப்பாரோ? இவ்வளவு நடந்த பிறகும் இங்கேயே இருக்க ஆசைப்படுகிறாளே என்று நினைப்பாரோ?

"ஆமாங்க. ஊட்ல கொஞ்சம் வேலை இருக்குதுங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். "சரிங்க. உங்க பாட்டிலை நான் பாத்துக்கறேனுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

பஸ்ஸில் அப்பா ஒரு வார்த்தையும் பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் பேசவில்லை. தறி ஓடுகிற வீட்டில் பேசாமல் இருப்பது சுலபம். யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியாது. ஒரு வாரம் கழித்து என் கல்லூரிக்குக் கிளம்பினேன். "கொஞ்ச நாள் போகட்டும் அம்மணி" என்றார். கொஞ்ச நாள் போனது. என் வழிகாட்டி ஆள்விட்டுக் கேட்டார். இன்னும் கொஞ்ச நாள் போனது. அடுத்த வருடம் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. எம்.ஃபில். அப்படியே நின்றது. பிஎச்.டி. என்ற பேச்சே பிறகு வரவில்லை.

சில வருடங்கள் கழித்து ஆர்.எஸ்.புரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் அக்காவைப் பார்த்தேன். அவர்தான் முதலில் அடையாளம் கண்டுகொண்டார். கடை ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பேசினோம். நிபுணர் கடைசி நாள்வரை இருந்தாராம். எல்லோருக்கும் அவர் கையாலேயே சான்றிதழ் கொடுத்தார்களாம். அக்கா மட்டும் அவர் கையிலிருந்து வாங்க மாட்டேன் என்று உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லையாம். பல பேருடைய பாட்டிலில் பூஞ்சை பிடித்துவிட்டது, என் பாட்டில்கள் இரண்டும் சுத்தமாக இருந்து, நுனி பச்சை கட்டத் தொடங்கியிருந்தது என்றும் சொன்னார்.

"எந்த லேப்ல இருக்கே இப்ப?" என்று கேட்டார்.

நான் படிப்பை விட்ட விஷயம் அவருக்குத் தெரியவே தெரியாது. சொன்னேன். அக்கா மடியிலிருந்த புடவைப் பொட்டலத்தை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீ எங்கிட்டத் தெளிவாச் சொன்னே கண்ணு, கூட நின்னாப் போதும்னு. எனக்குக் கோவத்துல அது காதுலயே ஏறலை. உன்னை ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுப் போயிருக்கோணும்."

"கேட் வரைக்கும் ஓடிவந்து கேட்டவருகிட்ட நானும் உண்மையைச் சொல்லலீங்களேக்கா" என்றேன். இருவரும் அழுதோம். கடைப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்தும் மனது ஆறவில்லை. அடுத்த முறை கருமத்தம்பட்டிக்குப் போயிருந்தபோது கரண்ட் போய்த் தறிகள் நின்றிருந்தன. அப்பா வெளியே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பேச்சோடு பேச்சாக அக்காவைப் பார்த்ததைச் சொன்னேன். பாட்டில் பச்சை கட்டியதையும் சொன்னேன். அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"அன்னைக்கி உனக்கு அங்கயே இருக்கோணும்னா இருந்துச்சு அம்மணி?"

"ஆமாங்கப்பா."

"அப்பறம் ஏன் சொல்லலே?"

"நீங்க கேக்கலீங்கப்பா."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "உன்னைப் பத்திரமாக் கொண்டாந்து ஊடு சேக்கோணுங்கறது ஒண்ணுதான் மனசுல ஓடுச்சு. கேக்கோணும்னு தோணவே இல்லியே சாமி" என்றார். கரண்ட் வந்தது. யாரும் எழுந்துபோய்த் தறியைப் போடவில்லை.

பிறகு நான் பி.எட். முடித்துப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை ஆனேன். ஆசிரியர்களுக்கான அறிவியல் பயிற்சி முகாம்களை இப்போது நானே நடத்துகிறேன். முதல் நாள், முதல் பேச்சாக, எல்லோருக்கும் முன்னால் சில விஷயங்களைச் சொல்லிவிடுவேன். யாருக்கும் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்க வேண்டாம், வாயால் சொல்லுங்கள். ஒருவரைச் சிரிப்புக்குரிய ஆளாக்கி மற்றவர்களைச் சிரிக்க வைக்க வேண்டாம். யாராவது வந்து குறை சொன்னால், குறை சொன்னவரை ஊருக்கு அனுப்ப மாட்டோம். என்ன செய்யலாம் என்று முதலில் அவரிடம்தான் கேட்போம். சில பேர் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். ஒருவர் ஒரு முறை, "இதெல்லாம் நம்ம பக்கத்துல எதுக்குங்க டீச்சர், எல்லாம் நல்ல மனுசங்கதானுங்களே" என்றார்.

உண்மைதான், அன்றைக்கும் என்னைச் சுற்றி இருந்தவர்களில் ஒருவரைத் தவிர எல்லோரும் நல்ல மனிதர்கள்தான். அந்த ஒருவர் செய்ததைக் காலப்போக்கில் என்னால் தள்ளி வைக்க முடிந்தது. ஆனால் என் வாழ்க்கையை முடிவு செய்த அந்த அறையின் கதவுக்கு வெளியே, ஒன்றும் பேசாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேனே, அந்தப் பெண்ணை நினைத்தால்தான் இன்றும் எனக்கு ஆறவில்லை.